வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாமல் ஆதார் உதவாது

"பெயர் இல்லையா? ஆதாரைக் காட்டி 49ஏ பிரிவில் சேலஞ்ச் ஓட்டு கேளுங்கள்" என்ற வாட்ஸ்அப் செய்தி மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருக் குழுவிலும் சுற்றுகிறது. தவறு. 1961ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளில் 49ஏ, வாக்குப்பதிவு இயந்திரத்தின் வடிவமைப்பைச் சொல்வது. சேலஞ்ச் என்றால், ஓட்டுப் போட வந்தவர் வேறு ஆள் என்று வேட்பாளரின் வாக்குச்சாவடி முகவர் 2 ரூபாய் கட்டி ஆட்சேபிப்பது. நம் ஓட்டை வேறொருவர் போட்டிருந்தால் மட்டும், விசாரித்துவிட்டு, ஆய்வுக்குரிய வாக்காக (டெண்டர்டு ஓட்டு) வாக்குச்சீட்டு தருவார்கள்.

சரி, பெயர் இருக்கிறது, வாக்காளர் அட்டை தொலைந்துவிட்டதா? பயப்படாதீர்கள். ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், நூறு நாள் வேலை அட்டை, படம் ஒட்டிய வங்கி பாஸ்புக், ஏதாவது ஒன்று போதும். ரேஷன் கார்டு அந்தப் பட்டியலில் இல்லை. பூத் சிலிப் மட்டும் கொண்டுபோனாலும் 2019 முதல் ஏற்பதில்லை.

வெயிலில் வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பும் பாட்டிகளைப் பார்க்க மனசு கேட்கவில்லை. பெயர் இல்லாதவர்கள் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6-ஐ இப்போதே கொடுத்துவிடுங்கள்.