ஆனி ஓண்ட்ராவுக்குப் பேச வராதாம்

உலக சினிமா பற்றி எழுதுகிறவர்கள் ஆனி ஓண்ட்ரா என்ற செக் நாட்டு நடிகையை இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். பிரிட்டிஷ் இயக்குநர் ஹிட்ச்காக்கின் படத்தில் கதாநாயகி, ஆங்கில உச்சரிப்பு சரியில்லை, பேசும்படம் வந்ததும் காணாமல் போனார். நானும் ரொம்ப நாள் அதை நம்பினேன். நம்பியதோடு விடாமல், பேசும்படம் யார் யார் பிழைப்பைக் கெடுத்தது என்ற பேச்சு வரும்போதெல்லாம் அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பரிகாரமாக இதை எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1929இல் லண்டன் பக்கம் எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோவில் எடுத்த ஒலிச் சோதனைத் துண்டு ஒன்று இணையத்தில் கிடைக்கிறது. ஹிட்ச்காக்கும் ஓண்ட்ராவும் மைக் முன்னால் நிற்கிறார்கள். "எனக்குச் சரியாகப் பேச வராதே" என்கிற மாதிரி அவர் தயங்குகிறார். இயக்குநர் உடனே ஒரு பச்சையான கேள்வி கேட்கிறார். அவர் சிரித்து, நெளிந்து, முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஹிட்ச்காக்கின் குறும்பு என்று இதைப் பல வருடங்களாக ரசித்துப் பகிர்கிறார்கள். எனக்கு முதல் முறை சிரிப்பு வந்தது உண்மை. மூன்றாவது முறை வரவில்லை. வேலை போய்விடுமோ என்று பயந்து நிற்கும் பெண்ணிடம் முதலாளி விளையாடும் விளையாட்டுதானே அது?

அந்த வேலை ஹிட்ச்காக்கின் 'பிளாக்மெயில்' படம். ஊமைப்படமாகத் தொடங்கி, பாதியில் பேசும்படமாக மாற்றப்பட்டது. எடுத்து முடித்த காட்சிக்குப் பிறகு டப்பிங் சேர்க்கும் வசதி அன்றைக்கு இல்லை. அதனால் ஜோன் பேரி என்ற ஆங்கில நடிகையை கேமராவுக்கு வெளியே மைக்கோடு நிறுத்தி, அவர் வசனம் பேசப் பேச ஓண்ட்ரா வாயை மட்டும் அசைத்தார். இருவரும் ஒரே நேரத்தில், ஒரே டேக்கில். பேரியின் பெயர் படத்தில் கிடையாது. ஒருத்திக்குக் குரல் போச்சு, இன்னொருத்திக்குப் பெயர் போச்சு.

இதில் வேடிக்கை என்னவென்றால், கதாநாயகி ஆலிஸ் லண்டனின் செல்சி பகுதியில் பேப்பரும் புகையிலையும் விற்கும் கடைக்காரரின் மகள். அவளுக்கு செக் உச்சரிப்பு பொருந்தாது, சரி. ஆனால் பேரி கொடுத்த குரல் எப்படி இருக்கிறது? மேட்டுக்குடி வீட்டு வரவேற்பறையில் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருக்கும் சீமாட்டியின் குரல்! கடைக்குப் பின்னால் குடியிருக்கும் பெண் அப்படிப் பேசுவாளா? அந்தப் பொருத்தமின்மை மட்டும் யாரையும் உறுத்தவில்லை.

படத்தைப் பார்க்காதவர்களுக்கு: தன்னிடம் அத்துமீறும் ஓவியனை ஆலிஸ் ரொட்டிக் கத்தியால் குத்திக் கொன்றுவிடுகிறாள். திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து கத்தியோடு வெளியே வருகிறாளே, அந்த இடத்தைப் பாருங்கள். அழுகை இல்லை, கூச்சல் இல்லை. உடம்பு மட்டும் ஒரு பக்கம் நடக்கிறது, ஆள் உள்ளே இல்லை. பிறகு இரவு முழுக்க லண்டன் தெருக்களில் அலைகிறாள். யார் கை நீண்டிருந்தாலும் அது செத்தவனின் கையாகவே அவளுக்குத் தெரிகிறது. மறுநாள் காலைச் சாப்பாட்டு மேசையில் பக்கத்து வீட்டுப் பெண் வம்பளக்க, மற்ற சொற்கள் எல்லாம் மங்கி 'கத்தி' மட்டும் காதில் விழும் காட்சியை எல்லோரும் ஒலி உத்திக்காகப் புகழ்கிறார்கள். புகழட்டும். ஆனால் ஒவ்வொரு 'கத்தி'க்கும் அதிர்வது யாருடைய உடம்பு? படத்துக்கு ஊமை வடிவமும் உண்டு. ஒலி வசதி இல்லாத தியேட்டர்களில் அதுதான் ஓடியது. அதில் பாருங்கள், இரவல் குரலின் தொந்தரவு இல்லாமல் முழு ஓண்ட்ரா கிடைப்பார்.

இந்த உடம்பு மொழி எல்ஸ்ட்ரீயில் வந்ததில்லை. இன்று போலந்தில் இருக்கும் தர்னோவில் பிறந்து, பிராகில் வளர்ந்தவர். 1920களின் தொடக்கத்திலிருந்தே கரேல் லமாச் என்ற நடிகர்-இயக்குநரோடு சேர்ந்து படம் படமாக நடித்தார். எழுத வாஸ்லவ் வாசர்மன், கேமராவுக்கு ஓட்டோ ஹெல்லர். நால்வர் கூட்டணி. (இந்த ஹெல்லர்தான் பிற்பாடு இங்கிலாந்து போய் 'பீப்பிங் டாம்' படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர்.) 1928இல் வந்த 'சாக்ஸபோன் சூசி'யில் ஓண்ட்ராவின் ஆட்டத்தையும் கலாட்டாவையும் பார்த்தால், இவரை முதலில் நகைச்சுவைக்காரி என்றுதான் அறிமுகப்படுத்தியிருக்க வேண்டும் என்று தோன்றும். விழுவார், முகம் கோணுவார், அழகு கெட்டுவிடுமே என்ற கவலையே கிடையாது.

சரி, 'பிளாக்மெயில்' முடிந்து காணாமல் போனாரா? 1930இல் லமாச்சோடு சேர்ந்து பெர்லினில் ஓண்ட்ரா-லமாச் பிலிம் என்று சொந்தக் கம்பெனியே தொடங்கிவிட்டார். பெயர்ப்பலகையில் முதல் பெயர் அவருடையது. 'மாம்செல் நிதூஷ்', 'கிகி', 'பேபி' என்று பேசும்படங்கள் வரிசையாக வந்தன. அந்தக் காலத்தில் ஒரே கதையை வேறு வேறு மொழிகளில் தனித்தனியாகப் படம்பிடிப்பார்கள். ஓண்ட்ரா ஜெர்மன், செக், பிரெஞ்சு மூன்றிலும் நடித்தார். ஆங்கில சினிமாவின் கண்ணுக்குத் தெரியாமல் போனதைத்தான் நாம் 'காணாமல் போனார்' என்று திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஹிட்லர் ஆட்சிக்கு வந்த முப்பதுகளின் பெர்லினை நினைத்தால் எனக்கும் தொண்டையில் முள்தான். 1933இல் ஜெர்மன் குத்துச்சண்டை வீரர் மாக்ஸ் ஷ்மெலிங்கை மணந்தார். இருவரும் 'நாக் அவுட்' என்ற படத்தில் சேர்ந்தே நடித்தார்கள். 1936இல் நியூயார்க்கில் ஷ்மெலிங் அமெரிக்கக் கறுப்பின வீரர் ஜோ லூயிஸை வீழ்த்திய இரவு, ஓண்ட்ரா அதை வானொலியில் கேட்டது ஹிட்லரின் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ் வீட்டில் உட்கார்ந்து. அதே ஷ்மெலிங் தன் யூத மேலாளரைக் கைவிட மறுத்தார், 1938இல் யூதர்களுக்கு எதிராக நடந்த கலவரத்தில் இரண்டு யூதப் பையன்களை ஒளித்துவைத்துக் காப்பாற்றினார். லமாச் ஜெர்மனியை விட்டு வெளியேறி, போர்க்காலத்தில் இங்கிலாந்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஓண்ட்ரா ஜெர்மனியிலேயே இருந்து, 1941இலும் 1943இலும்கூட சிரிப்புப் படங்களில் நடித்தார். வெளியே என்ன நடந்துகொண்டிருந்தது என்று நமக்குத் தெரியும். அந்தச் சிரிப்பை முழு மனதோடு சிரிக்க என்னால் முடியவில்லை. அதற்காக அவரை ஷ்மெலிங்கின் மனைவி என்று மட்டும் எழுதுகிறவர்களோடும் எனக்கு ஒத்துவரவில்லை.

போருக்குப் பிறகு ஒன்றிரண்டு படங்கள், அவ்வளவுதான். 1987இல் இறந்தார். ஷ்மெலிங் 2005 வரை இருந்து, ஜெர்மனியின் ஹொல்லன்ஸ்டெட் ஊர்க் கல்லறையில் அவர் பக்கத்திலேயே போய்ப் படுத்துக்கொண்டார்.

ஒரே ஒரு வேண்டுகோள். 1931இல் செக் சிரிப்பு நடிகர் விளாஸ்தா புரியனோடு அவர் நடித்த 'அவனும் அவன் தங்கையும்' படம் எங்கேயாவது கிடைத்தால் பாருங்கள். செக்கில் ஒன்று, ஜெர்மனில் ஒன்று, இரண்டிலும் இவரேதான். செக் மொழி ஒரு வார்த்தைகூடப் புரியாமல்தான் நானும் பார்த்தேன். பார்த்து முடித்த கையோடு அந்த எல்ஸ்ட்ரீ துண்டை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள்.