வெள்ளி பூசிய கம்பியும் வாட்ஸ்அப் செய்தியும்

“எலும்பு முறிவுக்கு வெளியே மாட்டும் கம்பியில் வெள்ளிப்பூச்சு இருந்தால் சீழே பிடிக்காது, துடைக்கவும் வேண்டாம்” என்று சென்னையில் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. அது தவறு.

கம்பி வெளியிலிருந்து தோலைத் துளைத்து எலும்புக்குள் நுழையும் இடத்தைப் பாருங்கள். கம்பி இருக்கும்வரை அந்தச் சின்ன ஓட்டை மூடாது; தோல் அசைய அசையக் கிருமிக்கு வழிதான். 2000-இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில், வெள்ளி பூசிய கம்பி தொற்றைக் கணிசமாகக் குறைக்கவில்லை. நோயாளிகளின் ரத்தத்தில் வெள்ளியின் அளவுதான் கூடியது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துத் தரும் பப்மெட் தளத்தில் யாரும் பார்க்கலாம். ஹைட்ராக்ஸிஅபடைட் (எலும்பில் இருக்கும் கால்சியத் தாது) பூச்சு வேறு. கம்பி எலும்பைக் கெட்டியாகப் பிடிக்கத்தான் அது.

சரி, சிவப்பு, வீக்கம், சீழ், காய்ச்சல் தெரிந்தால்? கம்பி போட்ட மருத்துவரிடம் அன்றே காட்டுங்கள். சந்தேகமென்றால் அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-ஐ அழைக்கலாம். தயவுசெய்து அந்தச் செய்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள்.