மங்கிய கிளாசுக்குத் தூளைக் கூட்டாதீர்கள்

"டிஷ்வாஷரில் கிளாஸ் மங்கினால் எல்லாம் கிணற்றுத் தண்ணீரின் வேலைதான், கழுவும் தூளை இரட்டிப்பாகப் போடுங்கள்" என்று மேலே ஒரு அண்ணை எழுதியிருக்கிறார். பாதிதான் சரி அண்ணை. வன்னியில் பல கிணறுகளின் தண்ணீர் கடினம் (சுண்ணாம்புச் சத்துக் கூட), வெள்ளையாகப் படியும், உண்மை. ஆனால் கண்ணாடியே அரிபட்டும் மங்கும். வினாகிரியில் கொஞ்ச நேரம் ஊறவிடுங்கள்: தெளிந்தால் படிவு. தெளியாவிட்டால் பெரும்பாலும் அரிப்பு, அது இனித் திரும்பாது.

அந்த அரிப்பு மென்மையான (கடினம் இல்லாத) தண்ணீர், அதிக தூள், அதிக சூடு மூன்றும் சேர்ந்தால் வேகமாக வரும். மழைத்தண்ணீரோ ஆர்ஓ (வடிகட்டிச் சுத்தமாக்கிய) தண்ணீரோ விடுகிறவர்கள் தூளை இரட்டிப்பாக்கும் இந்த யோசனையைக் கேட்டால் நல்ல கிளாஸ் எல்லாம் போய்விடும், தயவுசெய்து செய்யாதீர்கள்.

வெளிநாட்டுச் சொந்தங்கள் கொண்டுவரும் டிஷ்வாஷர் மாத்திரைகளையும் கவனியுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 முதல் அவற்றில் ஒரு கழுவலுக்கு 0.3 கிராமோ அதற்கு மேலோ பொஸ்பரஸ் இருக்கக்கூடாது. தண்ணீரின் கடினத்தை அடக்குவது பொஸ்பரஸ் கலந்த பொஸ்பேற்றுத்தான். அதனால் நம் கடினத் தண்ணீரில் அவற்றோடு மெசின் உப்பும் (டிஷ்வாஷருக்கென்றே விற்கும் உப்பு) போட வேண்டும், சாப்பாட்டு உப்பு அல்ல. வாங்கும்போது கண்ணாடிப் பாதுகாப்பு என்று எழுதியதாகப் பாருங்கள். சிலிக்கேட்டோ துத்தநாகமோ சேர்த்திருந்தால் அரிப்புக் குறையும். விலைகூடிய கிளாசுகளைக் கையால் கழுவுங்கள்.