படம் பார்க்க விடுங்க மச்சான்

இரவுச் சாப்பாடு முடிந்து ஒரு யுத்தப் படம் போட்டால் போதும், மட்டக்களப்பு, கல்லடியில் எங்கள் வீட்டு மச்சானுக்கு அரசியல் தொடங்கிவிடும். "இதெல்லாம் அமெரிக்காக்காரன்ட பிரசாரம்." தெரியும் மச்சான். 1986இல் வந்த 'டாப் கன்' படத்துக்கு விமானங்களும் விமானந்தாங்கிக் கப்பலும் கொடுத்து உதவியதே அமெரிக்கக் கடற்படைதான். அமெரிக்க இராணுவத் தலைமையகமான பென்டகன் இப்படி உதவுவதென்றால் முதலில் கதையை வாங்கிப் படித்துத் திருத்தம் கேட்கும். அந்தப் படத்தில் எதிரி எந்த நாட்டுக்காரன் என்றுகூடச் சொல்வதில்லை. அதற்காக, கப்பல் தளத்திலிருந்து விமானம் சீறிக் கிளம்பும்போது மயிர் கூச்செறியாமல் இருக்குமா?

அடுத்தது, "நாம பார்க்காத சண்டையா, இதைக் காசு குடுத்து வேற பார்க்கணுமா?" சரி, 2007 வரை ஷெல் சத்தம் கேட்ட ஊர்தான் இது. ஆனால் அப்போது யாரும் பின்னணி இசை போடவில்லை. பயந்தால் நிறுத்திவைக்க ரிமோட்டும் இல்லை. படத்தில் இரண்டும் இருக்கின்றன, அதனால்தான் பார்க்கிறேன்.

இவ்வளவு பேசுகிறவர் எழுந்தாவது போவாரா? கதிரையை இன்னும் கிட்டப் போட்டுக்கொண்டு, கச்சான் கொறித்தபடி கடைசிக் கட்டம்வரை இருப்பார். அப்புறம் "கப்டன் செத்துருவான்" என்று முடிவையும் சொல்லிவிடுவார். இது எந்த நாட்டுப் பிரசாரம்?