திகதி இருக்கிறது, குளிர் எங்கே?

நேற்று நான் போட்ட போஞ்சிப் படத்துக்கு வந்த கொமெண்டுகளை எல்லாம் வாசித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பக்கெட்டில் நாளை மறுநாள் வரைக்கும் திகதி, உள்ளே வெட்டின போஞ்சி வழுவழுத்து நூல் விடுகிறது. வெட்டின மரக்கறி வாங்கினால் இப்படித்தான் என்று ஆளாளுக்குப் புத்தி சொல்லியிருக்கிறீர்கள். நன்றி.

நான் சொன்னது ஒன்றே ஒன்று. அது குளிரை நம்பிப் போட்ட திகதி. மரக்கறியை வெட்டினால் சாறு வெளியே வரும், கிருமிக்கு விருந்து, அதை இழுத்துப் பிடிப்பது முக்கியமாக 5 பாகைக்குக் குறைந்த குளிர்தான். அந்தக் கடையில் தயிர் வைத்திருக்கிற தட்டில் கை வைத்தால் விறைக்கும். இரண்டடி தள்ளி மரக்கறித் தட்டில் வைத்தால் வெள்ளவத்தைக் கடற்கரைக் காற்று. பக்கெட்டுக்குள் முழுக்க வியர்வை. பிறகு திகதி எதற்கு, அலங்காரத்துக்கா?

வீட்டுக்குக் கொண்டுபோகச் சுணங்கியிருப்பாய் என்கிறார் ஒருவர். ஐயா, காலி வீதியைக் கடந்தால் எங்கள் ஒழுங்கை, எட்டு நிமிஷம். 2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் கரண்டை வெட்டினார்களே, அப்போது கெட்டிருந்தால் வாயே திறந்திருக்க மாட்டேன். கடையில் கேட்டேன், அந்தத் தம்பி பணிவாகப் பக்கெட்டைத் திருப்பி, "திகதி இருக்குத்தானே அக்கா" என்றார். அதைத்தானே தம்பி நானும் சொல்கிறேன்! நுகர்வோர் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அடித்து முறையிடச் சொன்னவர்களுக்கு, அடிப்பேன், பில் இருக்கிறது.

அவித்தால் கிருமி செத்துவிடுமாம். சலாட் பக்கெட்டும் அதே தட்டில்தான் கிடக்கிறது, சலாட்டை யார் அவிக்கிறது?

அப்புறம், வெட்டின மரக்கறி வாங்குவதால் என்னைச் 'சோம்பேறி' என்றவர்களுக்கு. கொட்டாஞ்சேனை வீட்டில் அம்மா கத்தரிக்காயை வெட்டின கையோடு உப்புத் தண்ணீரில் போடுவா, வல்லாரையைச் சாப்பிட உட்காருகிற நேரத்தில்தான் அரிவா. அவவுக்கு நேரம் இருந்தது என்று எழுத வந்தேன், பொய், தையல் மெஷினுக்கும் அடுப்புக்கும் நடுவே ஓடினவ. நான் ஆறரைக்கு வீடு வந்து எட்டு மணிக்குள் நாலு பேருக்குச் சமைக்கிறேன். வெட்டின போஞ்சி வாங்கினேன், களவெடுக்கவில்லை.

ஊரார் சொன்னதைக்கூட விடலாம். "பிள்ளைகளுக்கு இதையா குடுக்கிறாய்" என்று எல்லாரும் பார்க்க எழுதிய சித்தப்பா, போன மாதம் எங்கள் வீட்டில் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்களே போஞ்சிக் கறி, அதுவும் பக்கெட்டில் வந்ததுதான்.