கண்ணைக் கட்டிக்கொண்டு இரண்டு நிமிடம்

பிரெய்ல் டிஸ்ப்ளேயை (கணினியில் உள்ள எழுத்தைப் பார்வையில்லாதவர்கள் விரலால் படிக்கப் புள்ளிகளாக எழுப்பிக் காட்டும் கருவி) ஒரு தம்பி கண்ணைக் கட்டிக்கொண்டு இரண்டு நிமிடம் சோதித்தாரே, அந்தக் காணொளியைப் பற்றி எழுதவே கூடாது என்று இரண்டு நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் விடுவதாக இல்லை. "பார்த்தீங்களா?" என்று கேட்டுக் கேட்டு அனுப்புகிறீர்கள். எனக்குப் பார்வை கிடையாது, அதனால் பார்க்கவில்லை, கேட்டேன். நாலு முறை.

எல்லோருக்கும் தெரிந்த கதை, திரும்பச் சொல்லப்போவதில்லை. கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு, பிரெய்ல் டிஸ்ப்ளே மேல் விரலைத் தேய்த்துவிட்டு, "எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு, ஒண்ணுமே புரியல" என்று அந்தத் தம்பி சிரித்தாரே, அதுகூடப் பரவாயில்லை. பிரெய்ல் படிக்காதவருக்குப் பிரெய்ல் எப்படிப் புரியும்? எனக்குக் கோபம் அடுத்த வரியில்தான். "போனே எல்லாத்தையும் படிச்சுச் சொல்லிடுதே, இதுக்கு எதுக்கு இவ்வளவு செலவு?" அதற்குக் கீழே எத்தனை கைதட்டல், எத்தனை இதயங்கள்!

கேட்பது வேறு, படிப்பது வேறு. அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது.

நானே அந்தத் தம்பி மாதிரி பேசித் திரிந்தவள்தான். சின்ன வயதில் பிரெய்ல் படித்தேன், அப்புறம் கணினியில் எழுத்தைப் படித்துச் சொல்லும் குரல் வந்ததும் அதைக் கைகழுவினேன். ஒன்பது வருடம் எல்லாமே காதுதான். பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு சொல்கூடப் புரியாத வேகத்தில் கேட்பேன், அதில் பெருமை வேறு. பிறகு ஒரு டிஸ்ப்ளே கைக்கு வந்தது. முதல் வாரமே மானம் போயிற்று. மேலதிகாரிக்கு நான் எழுதிய பழைய கடிதம் ஒன்றை விரலால் படிக்கிறேன்: "என் பெயருக்கு ஏற்பட்ட கரை". கறை இல்லை, கரை! என் பெயருக்கு ஆற்றங்கரை ஒன்று ஏற்பட்டிருக்கிறது. குரலுக்கு ரவும் றவும் ஒன்றுதான், அது எப்படிக் காட்டிக்கொடுக்கும்? விரல் விடாது. லவையும் ளவையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு புள்ளியில் இடப்பக்கத்து மூன்றும் எழுந்தால் ல, வலப்பக்கத்து மூன்றும் எழுந்தால் ள. ஒன்பது வருடம் கேட்டேன், எழுத்தை மறந்தேன். கேட்பது வேறு, படிப்பது வேறு.

இன்னொன்று. "இப்பத்தான் புதுசா வந்திருக்கு" என்றார் அந்தத் தம்பி. ஐயா, 1960களிலேயே ஜான் லின்வில் என்ற ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் விரலால் படிக்க ஒரு கருவி செய்யும் வேலையைத் தொடங்கிவிட்டார். அவர் மகள் கேண்டிக்குப் பார்வை கிடையாது. ஊசிகள் தட்டி எழுத்தை உருவாக்கும் ஒரு வேக அச்சு இயந்திரத்தைப் பார்த்தவருக்கு, அந்த ஊசிகளுக்கு அடியில் விரலை வைத்தால் எழுத்து தெரியுமே என்று தோன்றியிருக்கிறது. அதிலிருந்து பிறந்ததுதான் ஆப்டகான் என்ற கருவி. 1971இல் விற்பனைக்கு வந்தது. வலக்கையில் சின்னக் கேமராவைப் பிடித்துப் புத்தக வரிமேல் நகர்த்த வேண்டும். இடக்கை ஆள்காட்டி விரலுக்கு அடியில் 24 வரிசையில் ஆறாறாக 144 ஊசிகள் அதிரும். கவனியுங்கள், அது பிரெய்ல் இல்லை. நீங்கள் கண்ணால் பார்க்கும் அதே அச்செழுத்தின் வடிவம். வளைவு, கொம்பு, கோடு எல்லாம் விரலுக்கு அடியில் ஓடும். வேகம் குறைவு, பழகுவது கஷ்டம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்தத் தாளானாலும் யார் தயவும் இல்லாமல் படிக்கலாம். 1996இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். ஸ்கேனரும் குரலும் வந்துவிட்டதே, இனி எதற்கு என்றுதான் அப்போதும் பேச்சு. எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை?

டிஸ்ப்ளே விலை அதிகம்தானே என்பீர்கள். அதிகம்தான். ஒரு எழுத்துக்கு எட்டுப் புள்ளி (பிரெய்லின் ஆறோடு கணினிக்காக இன்னும் இரண்டு), ஒவ்வொரு புள்ளிக்கும் மின்சாரம் பட்டால் வளையும் தனித் தகடு, 40 எழுத்துக்கு 320 தகடு. மலிவாக எப்படி வரும்? விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், நானும் கூட வந்து கத்துகிறேன். விலை அதிகம் என்பதும் தேவையில்லை என்பதும் ஒன்றா?

"பிரெய்ல் தெரிஞ்சவங்களே கம்மி" என்று ஒருவர் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி எழுதியிருக்கிறார். கற்றுக்கொடுக்காமல் விட்டது யார்? உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் போய், "ஆடியோ புத்தகம் இருக்கு, உனக்கு எழுத்து எதுக்கு?" என்று கேட்பீர்களா? அந்தப் பிள்ளைக்கு எழுத்து உரிமை, எனக்கு மட்டும் ஆடம்பரம். நல்ல நியாயம்.

"அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்" என்கிறீர்கள். இருக்கலாம். நல்ல எண்ணத்தோடு எனக்குப் படித்துச் சொன்னவர்கள் நிறையப் பேர்.

படிப்பு முடித்த வருடம் ஒரு வேலைக்கு விண்ணப்பித்தேன். பதில் தட்டச்சில் வந்தது. வீட்டுப் பெரியவர் ஒருவர் பிரித்துப் படித்தார். "கிடைக்கலம்மா, விடு" என்றார். விட்டுவிட்டேன். பல வருடம் கழித்து, பழைய ஃபைலைக் காலிசெய்யும்போது எது எந்தத் தாள் என்று பார்க்க ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து டிஸ்ப்ளேயில் ஓடவிட்டேன். கடைசிப் பத்திக்கு வந்தபோது விரல் நின்றது. "அடுத்த சுற்றில் கலந்துகொள்ள விரும்பினால் பதினைந்து நாட்களுக்குள் எழுதவும்." அவர் கெட்டவர் இல்லை. வெளியூர், தனியாகப் போக வேண்டும், இந்தப் பெண் என்ன செய்யும் என்று நினைத்திருப்பார். நான்கு வரியை எனக்காக விழுங்கிவிட்டார்.

போன் இருந்தால் அதையும் படித்திருக்குமே என்று ஒருவர் கட்டாயம் வருவார். ஆமாம், படித்திருக்கும். உங்களுக்கு ஒரு மதிப்பெண். ஆனால் அந்த வரிமேல் விரலை வைத்துக்கொண்டு நான் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் தெரியுமா? குரல் சொல்லிவிட்டுப் போய்விடும். வரி அங்கேயே இருந்தது. "எழுதவும்" என்ற சொல்லை மட்டும் திரும்பத் திரும்பத் தடவினேன். ஒவ்வொரு தடவையும் அதே புள்ளிகள்.

தம்பி, துணியை அவிழ்த்ததும் உங்களுக்கு எழுத்து திரும்பி வந்துவிட்டது. எனக்கு எழுத்து இருக்கும் இடமே அந்த டிஸ்ப்ளேதான்.

சரி, போதும். காணொளியை இனி யாரும் உள்பெட்டியில் அனுப்ப வேண்டாம், ஏற்கெனவே பதினோரு பேர் அனுப்பிவிட்டார்கள். அதில் மூன்று பேர், "உங்களுக்குப் பயன்படும்" என்று வேறு எழுதியிருக்கிறார்கள்.