37 நிமிடங்கள் பொறுத்திருங்கள்

அக்டோபர் 31 நெருங்கும்போது நண்பர்கள் குழுவில் தவறாமல் ஒரு கேள்வி வரும். ஹாலோவீன் இரவுக்கு எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்க ஒரு பேய்ப்படம் சொல்லுங்கள், பயமும் இருக்க வேண்டும், சிரிப்பும் இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். இந்த முறை கேள்வி வருவதற்கு முன்பே பதிலை எழுதிவிடுகிறேன். 2017இல் ஜப்பானில் எடுக்கப்பட்ட ‘ஒன் கட் ஆஃப் தி டெட்’ என்ற படத்தைப் பாருங்கள். இயக்கியவர் ஷினிச்சிரோ உவேதா. ஜப்பானிய மொழியில் படத்தின் பெயருக்குக் ‘கேமராவை நிறுத்தாதே’ என்று பொருள். ஓடும் நேரம் 96 நிமிடங்கள். மொத்தச் செலவு 30 லட்சம் யென்; அன்றைய மதிப்பில் அது 30,000 அமெரிக்க டாலருக்கும் குறைவான தொகை.

பெயரைச் சொன்னதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. குறைந்த செலவில் எடுக்கப்பட்ட பேய்ப்படங்களை நாம் பார்க்கும் விதத்தைப் பற்றி எனக்கு நெடுநாளாக ஒரு மனத்தாங்கல் உண்டு. அதைச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பற்றிப் பேச முடியாது.

ஹாலோவீன் இரவில் மலிவான பேய்ப்படம் ஒன்றைப் போட்டுவிட்டு, முகமூடியின் ஓரம் கழுத்தருகே பிரிந்து நிற்பதையும், ரத்தம் சாயத்தைப் போல வழிவதையும், நடிகர் வசனத்தை மறந்து ஒரு நொடி விழிப்பதையும் சுட்டிக்காட்டிச் சிரிப்பது பலருக்கு ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. படம் நம்மைச் சிரிக்க வைப்பது வேறு, படத்தைப் பார்த்து நாம் சிரிப்பது வேறு. முதலாவதில் எடுத்தவருடைய உழைப்பு நம்மை வந்து சேர்கிறது. இரண்டாவதில் அந்த உழைப்பு நம் கண்ணிலேயே படாமல் போய்விடுகிறது. இந்த ரசனைக்குத் தீனி போடுவதற்காகவே வேண்டுமென்று மோசமாக எடுக்கப்படும் படங்களும் இப்போது நிறைய வருகின்றன. அவற்றை என்னால் ரசிக்க முடிந்ததில்லை. தன் கதையைத் தானே நம்பாத படம் பயத்தையும் தருவதில்லை, சிரிப்பையும் தருவதில்லை.

காசு இல்லாதவர்கள் கை வேலையால் அந்த இடத்தை எப்படி நிரப்பினார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் இந்த வகைப் படங்கள் வேறு விதமாகத் தெரியத் தொடங்கும். சாம் ரைமி 1981இல் வெளிவந்த ‘ஈவில் டெட்’ படத்தை எடுத்தபோது, அதிராமல் நகரும் கேமராவுக்கான கருவிகளை வாடகைக்கு எடுக்க அவரிடம் பணம் இல்லை. ஒரு மரப்பலகையின் நடுவில் கேமராவைப் பொருத்தி, பலகையின் இரு முனைகளையும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் ஓடினார்கள். மரங்களுக்கு இடையில் தரையோடு தரையாகப் பாய்ந்து வரும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத தீய சக்தியின் பார்வை, உண்மையில் மூச்சு வாங்க ஓடிய இரண்டு மனிதர்களின் ஓட்டம்தான். அதில் வழியும் ரத்தம் சோளப் பாகில் நிறம் கலந்து செய்தது. அடுத்த பாகமான 1987ஆம் ஆண்டுப் படத்தில் அதே கதைக்களத்தை ரைமி நகைச்சுவைப் பக்கம் திருப்பினார். கதாநாயகனின் கையே அவனுக்கு எதிரியாகி அவனைத் தட்டுகளால் அடிக்கும் காட்சியைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அதே 1987இல் நியூசிலாந்திலிருந்து வந்த ‘பேட் டேஸ்ட்’ படத்தைப் பீட்டர் ஜாக்சன் நாளிதழ் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே நண்பர்களை வைத்து வார இறுதிகளில் எடுத்தார். அது முடிய ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் ஆயின. வேற்றுக்கிரகவாசிகளின் முகமூடிகளைத் தன் தாயாரின் சமையலறை அடுப்பில் வைத்துச் சுட்டு எடுத்திருக்கிறார். கடலோரச் செங்குத்துப் பாறையின் விளிம்பில் இரண்டு பேர் மோதிக்கொள்ளும் காட்சியில் அந்த இரண்டு பேருமே ஜாக்சன்தான். ஒருவருக்குத் தாடி உண்டு, மற்றவருக்கு இல்லை. பின்னாளில் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ படங்களை எடுத்து ஆஸ்கார் வாங்கியவர் இவர்தான் என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. ஆஸ்கார் வராமல் போயிருந்தாலும், ஒரே ஆள் இரண்டு ஆளாக நின்று சண்டையிட்ட அந்தக் காட்சியில் இருக்கும் பிடிவாதம் மதிக்கத்தக்கது. ரோஜர் கார்மனோ 1960இல் ‘லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்’ படத்தின் பெரும்பகுதியை, பிரிக்கப்படாமல் இருந்த பழைய அரங்குகளைப் பயன்படுத்தி இரண்டே நாட்களில் எடுத்து முடித்திருக்கிறார்.

திகிலும் நகைச்சுவையும் குறைந்த செலவுப் படங்களில் இவ்வளவு எளிதாகச் சேர்வதற்கு ஒரு காரணம் இருப்பதாக நினைக்கிறேன். இரண்டுமே காத்திருக்க வைக்கும் கலைகள். மூடிய கதவு ஒன்றைக் காட்டி, ஒருவர் கைப்பிடியை நோக்கிக் கையை நீட்டுவதைக் காட்டினால் போதும், பார்ப்பவர் மூச்சைப் பிடித்துக்கொள்வார். கதவுக்கு அந்தப் பக்கம் பிணம் எழுந்து நிற்கிறதா, பூனை உட்கார்ந்திருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. எதுவாக இருந்தாலும், கதவு அரை நொடி முன்னால் திறந்தாலும் வேலை கெட்டுவிடும், அரை நொடி பின்னால் திறந்தாலும் கெட்டுவிடும். அந்த அரை நொடியைக் காசு கொடுத்து வாங்க முடியாது. திரும்பத் திரும்ப ஒத்திகை பார்த்துத்தான் பிடிக்க முடியும். காட்டாமல் விடுவதும் அப்படித்தான். சட்டகத்துக்கு வெளியே கேட்கும் ஓர் அலறலுக்கு ஒப்பனையும் தேவையில்லை, அரங்கும் தேவையில்லை. ஆனால் அதைக் கேட்டவர் முகத்தில் என்ன தெரிய வேண்டும் என்று அறிந்த நடிகர் தேவை.

இனி ‘ஒன் கட் ஆஃப் தி டெட்’ படத்துக்கு வருகிறேன். தோக்கியோவில் உள்ள ஒரு நடிப்பு, திரைப்படப் பயிற்சிப் பள்ளியின் பட்டறையிலிருந்து உருவான படம் இது. நடித்தவர்கள் அப்போது யாருக்கும் தெரியாதவர்கள். படப்பிடிப்பு எட்டே நாட்களில் முடிந்திருக்கிறது. கைவிடப்பட்ட தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் சின்னப் படக்குழு ஒன்று ஜாம்பி படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது உண்மையான ஜாம்பிகள் வந்துவிடுகின்றன என்பதுதான் தொடக்கம். முதல் 37 நிமிடங்கள் வெட்டே இல்லாத ஒரே ஷாட். அதைச் சரியாக எடுக்க ஆறு டேக் தேவைப்பட்டிருக்கிறது.

போன ஹாலோவீன் இரவில் இதை நண்பர்களுக்குப் போட்டுக் காட்டினேன். படத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட முன்கூட்டிச் சொல்லவில்லை. முதல் பத்து நிமிடத்திலேயே அறையில் நெளியத் தொடங்கிவிட்டார்கள். நடிகையின் முகத்தில் பயம் உண்மையாக வரவில்லை என்று படத்துக்குள் இருக்கும் இயக்குநர் கத்துகிறார்; அது 42ஆவது டேக். அவர் கோபித்துக்கொண்டு போன பிறகு ஒப்பனைக் கலைஞராக வரும் பெண்ணும் இரண்டு நடிகர்களும் தங்கள் பொழுதுபோக்குகளைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சு எங்கும் போகாமல் நீள்கிறது. அந்தப் பெண் தற்காப்புக் கலையில் தனக்கு ஆர்வம் என்று சொல்லி, பின்னாலிருந்து ஒருவர் பிடித்தால் எப்படி விடுவித்துக்கொள்வது என்று செய்து காட்டுகிறார். வெளியே ஏதோ சத்தம் கேட்கிறது. எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். யாரும் எதுவும் பேசவில்லை. அந்த மௌனம் தேவைக்கு மேல் நீண்டுகொண்டே போகிறது.

“எடிட் பண்ண மறந்துட்டாங்களா?” என்று ஒருவர் கேட்டார். கேமரா திடீரென்று தரையில் விழுந்து, புல்லையும் தூரத்தில் ஓடும் கால்களையும் மட்டும் காட்டிக்கொண்டு அப்படியே கிடந்தபோது எல்லாரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். கதாநாயகி ஓடி வந்து ஒளிந்துகொண்ட இடத்தில், காரணமே இல்லாமல் ஒரு கோடாலி கிடக்கிறது. அவளும் நல்ல வேளை என்பதுபோல் ஒரு வசனம் சொல்லி அதை எடுத்துக்கொள்கிறாள். “வேற படம் போடலாமா?” என்று அப்போது கேட்டவர் என் நெருங்கிய நண்பர். அவர் மீது எனக்கு வருத்தமில்லை. முதல் முறை பார்த்தபோது நானும் அதே இடத்தில் ரிமோட்டைக் கையில் எடுத்தவன்.

கோடாலி கிடந்ததற்குக் காரணம் உண்டு. மௌனம் நீண்டதற்கும் காரணம் உண்டு. கேமரா விழுந்ததற்கும், ஒலிப்பதிவாளர் பதறிப்போய் வெளியே ஓடுவதற்கும், பொழுதுபோக்கைப் பற்றிய அந்த வெற்றுப் பேச்சுக்கும் காரணம் உண்டு. 37 நிமிடங்கள் முடிந்து பெயர்ப் பட்டியல் ஓடுகிறது. படம் அத்துடன் முடிந்ததாக நினைத்து அணைத்துவிடாதீர்கள். அதன் பிறகு கதை சற்றுப் பின்னால் போகிறது. வேகமாகவும் மலிவாகவும் சுமாரான தரத்திலும் எடுத்துக் கொடுப்பவர் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஒரு சாதாரண இயக்குநரையும், அவருடைய மனைவியையும் மகளையும் நமக்கு அறிமுகப்படுத்துகிறது. இதற்கு மேல் சொன்னால் நீங்கள் பார்க்கப்போகும் இன்பத்தை நான் பறித்தவனாவேன். இவ்வளவு மட்டும் சொல்கிறேன்: முதல் பகுதியில் நீங்கள் எதை எதைப் பார்த்துக் கேலியாகச் சிரித்தீர்களோ, அதே இடங்களில் இரண்டாவது முறை சிரிப்பீர்கள். அந்த இரண்டாவது சிரிப்பில் கேலி இருக்காது. அந்தக் குழு எப்படியாவது அந்த ஷாட்டை முடித்துவிட வேண்டுமே என்ற தவிப்பு அதில் கலந்திருக்கும்.

குறைந்த செலவுப் படங்களைப் பற்றி நான் பக்கம் பக்கமாக எழுதினாலும் சொல்ல முடியாததை இந்தப் படம் தன் கட்டமைப்பினாலேயே செய்துவிடுகிறது. மலிவான பேய்ப்படத்தைப் பார்த்துச் சிரிக்கும் அந்தப் பழக்கத்தையே எடுத்து, அதற்கு இடம் கொடுத்து, பிறகு மெதுவாக நம்மைக் கேமராவுக்குப் பின்னால் அழைத்துச் சென்று நிறுத்துகிறது. லென்ஸில் தெறித்த ரத்தத்தை ஒரு கை துடைப்பதை முதலில் பார்க்கும்போது பிழையாகத் தெரியும். பிறகு அந்தக் கை யாருடையது, அந்த நேரத்தில் அவர் எந்த நிலையில் நின்றுகொண்டிருந்தார் என்று யோசிக்கத் தொடங்குவோம்.

2017 நவம்பரில் தோக்கியோவில் ஆறு நாட்கள் மட்டும் திரையிடப்பட்ட படம் இது. 2018 ஜூனில் அங்கேயே இரண்டு சிறிய திரையரங்குகளில் மீண்டும் வெளியாகி, பார்த்தவர்கள் பார்க்காதவர்களிடம் சொல்லிச் சொல்லியே 200க்கும் மேற்பட்ட திரையரங்குகளுக்குப் பரவியது. வசூல் 300 கோடி யென்னைத் தாண்டியது. போட்ட பணத்தைப் போல் ஆயிரம் மடங்கு. பார்த்தவர்கள் கதையின் திருப்பத்தை வெளியே சொல்லாமல் காத்தார்கள் என்பது எனக்கு அந்த வசூலைவிடப் பெரிய செய்தி.

பிரெஞ்சு மொழியில் மிஷெல் ஹஸானவிஸியுஸ் இதை மறுபடியும் எடுத்தார். அந்தப் படம் 2022 கான் திரைப்பட விழாவின் தொடக்கப் படமாகத் திரையிடப்பட்டது. பெயர் பெற்ற நடிகர்கள், பல மடங்கு அதிகச் செலவு, அதே கதை. திறமையாகத்தான் எடுத்திருக்கிறார்கள். ஆனால் வசதி உள்ள குழு ஒன்று வசதி இல்லாத குழுவாக நடிப்பதைப் பார்க்கும்போது, மூலப் படத்தில் வந்த அந்தத் தவிப்பு எனக்கு வரவில்லை. மூலத்தில் கேமரா தடுமாறினால், தடுமாறுவது உண்மையாகவே வேறு வழியில்லாத ஒருவர். முதலில் ஜப்பானியப் படத்தைப் பாருங்கள். அதன் பிறகு பிரெஞ்சுப் படத்தைப் பார்ப்பது உங்கள் விருப்பம்.

பார்ப்பதற்கு முன் டிரெய்லர் வேண்டாம், விமர்சனங்களும் வேண்டாம். தனியாகப் பார்ப்பதைவிட நாலைந்து பேரோடு சேர்ந்து பாருங்கள். முதல் பகுதியில் கேலி செய்பவர் ஒருவராவது அறையில் இருப்பது நல்லது. அவரைத் தடுக்காதீர்கள். ரத்தமும் வெட்டுண்ட கையும் வருகின்றன என்பதால் சின்னக் குழந்தைகளை உட்கார வைக்க வேண்டாம். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே பார்க்கும் படமும் இது அல்ல. ஒரு சின்னக் குறிப்பைத் தவறவிட்டால் பின்னால் வரும் ஒரு சிரிப்பைத் தவறவிடுவீர்கள்.

கடைசிப் பெயர்ப் பட்டியல் ஓடும்போதும் எழுந்துவிடாதீர்கள். அந்த 37 நிமிட ஷாட்டை உண்மையில் எடுத்தபோது பிடித்த காட்சிகளை அதில் போட்டிருக்கிறார்கள். கேமராவைத் தூக்கிக்கொண்டு ஒருவர் அந்தப் பாழடைந்த கட்டடத்துக்குள்ளும் வெளியிலும் ஓடிக்கொண்டே இருக்கிறார். என் வீட்டில் அந்த நேரத்தில் யாரும் பேசவில்லை. திரை இருண்டதும், வேறு படம் போடலாமா என்று கேட்ட நண்பர் எதுவும் சொல்லாமல் ரிமோட்டை எடுத்து, படத்தை முதல் நிமிடத்துக்குக் கொண்டுபோனார்.